கழற்ற வழி வைத்து மாட்டியவள்

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகுக் கடைகளை ஒரு சுற்று சுற்றி முடித்து, அன்றைய விலையை எங்கள் வெப்சைட்டில் ஏற்றிவிட்டு, வெளியிடும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்திருந்தபோது ராசு போன் செய்தான். ராசு, என்னோடு தொழில் செய்த அன்னக்கொடியின் தம்பி. இதய வால்வு ஆபரேஷனுக்காக அக்காவைச் சேலத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயே வாசலில் உட்கார்ந்திருந்தவன். "அக்கா போயிருச்சுங்க்கா" என்றான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

அந்தப் பொத்தானை நான் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டும். கொல்லிமலையில் தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் மிளகு போடுகிற வீடுகள் அத்தனையிலும் போன் அடித்திருக்கும். எடுத்தால் அன்னக்கொடியின் குரல் கேட்டிருக்கும். "வணக்கமுங்க, அன்னக்கொடி பேசறேன்" என்று தொடங்கி, அவள் முன்பே பேசிப் பதிந்துவைத்த சொற்களையும் எண்களையும் கோத்து, மிளகு, காப்பி, ராகி என்று வரிசையாக விலை சொல்லியிருக்கும். அவளுடைய அம்மாவின் போனிலும் அந்தக் குரல்தான் வந்திருக்கும். நான் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து விலை மலையேறாத சந்தை நாள் அது ஒன்றுதான்.

அவளை அறிந்த எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். சேலத்தில் எங்களோடு உட்கார்ந்து பிளகின் எழுதிய நண்பர்களுக்கும், அவள் குரலை மட்டுமே அறிந்த மலைக்காரர்களுக்கும். ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதப் போவதில்லை. சாந்தமாக இருந்து அவளுக்குப் பழக்கமே கிடையாது. எனக்கும் இப்போது சாந்தம் வரவில்லை. நாற்பது வயதுகூட நிறையாதவளைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்துவிட்டு, எல்லாம் விதி என்று தலையாட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

அவள் மேலே தேவனூர் நாட்டுக்காரி. நான் அடிவாரத்துக் காரவள்ளி. சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நகைக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெப்சைட் கட்டிக்கொடுக்கிற கம்பெனி. சில வருடங்கள் கழித்து, இனி எல்லோரும் பெங்களூர் ஆபீசுக்கு மாற வேண்டும் என்றார்கள். அன்னக்கொடி தன் ஊரிலிருந்தே வேலை செய்கிறேன் என்றாள். மலையை விட்டு இறங்கினால்தான் வேலை என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் இறங்குனதெல்லாம் போதுமுங்க. இனி வேலை மேல ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வாயைப் பார், கொழுப்பைப் பார் என்று எல்லோரும் பேசினார்கள். அடுத்த மாதம் நானும் வேலையை விட்டேன். பேளுக்குறிச்சியில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தோம். நான் கீழே, அவள் மேலே. இருவருக்கும் சேர்த்து ஒரே தொழில்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் நடத்துவதற்கென்று உலகமெல்லாம் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது. அதன் உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால், அடுத்த அப்டேட் வரும்போது நாம் எழுதியது மொத்தமும் அழிந்துபோகும். அதற்குப் பதிலாக அந்த மென்பொருளே ஓடுகிற வழியில் அங்கங்கே நின்று குரல் கொடுக்கும். 'இதோ ஒரு பக்கத்தை வெளியிட்டுவிட்டேன், யாருக்காவது இங்கே வேலை உண்டா?' என்று கேட்கும். அந்த இடத்துக்கு ஆக்‌ஷன் ஹூக் என்று பெயர். முன்கூட்டியே அதில் நம் வேலையை மாட்டி வைத்திருந்தால், கேட்கும்போது அது ஓடிப்போய்ச் செய்துவிட்டு வரும். ஒரே இடத்தில் பலபேர் மாட்டியிருந்தால், யார் முன்னே யார் பின்னே என்பதற்கு ஓர் எண் உண்டு. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது பத்து என்று வைத்துக்கொள்ளும். அப்படி வெளியிலிருந்து மாட்டுகிற சின்ன நிரலைத்தான் பிளகின் என்பார்கள். அதை எழுதுவது என்பது பெரும்பாலும் இதுதான். பார்க்கச் சுலபம், இதிலேயே தலைமுடி நரைத்தவர்களும் உண்டு.

அன்னக்கொடி இதையே ஊர்க்கூட்டத்தில் இன்னும் நன்றாகச் சொன்னாள். சந்தை நாள் பிற்பகலில் வியாபாரிகளின் லாரிகள் மலையேறி வந்து மிளகு எடுக்கும். காலையில் கீழே என்ன விலை போனது என்பது மேலே யாருக்கும் தெரியாது. வியாபாரி சொல்வதுதான் விலை. அதை உடைக்கத்தான் இந்தப் போன் ஏற்பாடு. சந்தையில் நான் விலையை வெளியிடுவேன், அந்த நொடியில் அவளுடைய பிளகின் ஓடிப்போய் எல்லா வீட்டுக்கும் போன் போடும். எப்படி ஆள் இல்லாமல் தானாகப் போகும் என்று கேட்டார்கள். நம் கோயில் நோம்பித் திருவிழாவில் மேளம் மாறினால், தண்ணீர்க்குடம் எடுக்கிற வகையறாவும் பந்தம் பிடிக்கிற வகையறாவும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் தங்கள் முறைக்கு வந்து நிற்பதில்லையா, அதுபோலத்தான் என்றாள்.

ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் விடவில்லை. முறைக்கார ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அந்த வேலை மட்டும் நடக்காது, மற்றதெல்லாம் நடந்துகொண்டே போகும் என்றாள் இவள். "அப்ப நம்ம நோம்பி மாதிரி இல்லியே கண்ணு. மொறைக்காரன் வராம நம்ம சாமி நகராது" என்றார். "அதனாலதானுங்க நோம்பி வருசத்துக்கு ஒருக்கா நடக்குது. வெல வாராவாரம் போயாகணும்" என்றாள். கூட்டம் சிரித்தது. கவுண்டரும் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதல் வாரமே மானம் கப்பலேறியது. அந்த மென்பொருள், நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்புக்காக அவ்வப்போது தானாகச் சேமித்துக்கொள்ளும். அன்னக்கொடி தன் வேலையை வெளியிடும் இடத்தில் மாட்டாமல், சேமிக்கும் இடத்தில் மாட்டிவிட்டாள். நான் சந்தைக் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு மிளகு விலையின் முதல் எண்ணைத் தட்டினேன். அது சேமித்தது. மலையெங்கும் போன் அடித்து, மிளகு கிலோ ஆறு ரூபாய் என்று சொன்னது. இரண்டாவது எண்ணைத் தட்டினேன். மறுபடி அடித்து அறுபது என்றது. முழு விலை போவதற்குள் ஒரு பெரியவர் கோவணத்தை வரிந்து கட்டிக்கொண்டு, இருந்த மிளகுக்கொடியையெல்லாம் அறுத்துப்போட அரிவாளோடு கிளம்பிவிட்டாராம். அவரைப் பிடித்து நிறுத்தியது ராசு.

மாலையில் அவளே மறுபடி எல்லா வீட்டுக்கும் பேசினாள். தப்பு தன்னுடையது, விலை சொன்ன அக்கா மேல் தப்பில்லை, அடுத்த வாரம் சரியாக வரும், வராவிட்டால் வந்து திட்டுங்கள் என்று மூக்கால் அழாமல் நிமிர்ந்து சொன்னாள். என்னிடம் மட்டும், "கூப்பிட்ட ஒடனே ஓடிட்டேன் சாமி. எதுக்குக் கூப்பிடறாங்கன்னு கேட்டுட்டுல்ல ஓடியிருக்கோணும்" என்றாள். இன்றுவரை நான் எந்த ஹூக்கில் கை வைத்தாலும் அந்த வார்த்தை காதில் விழுகிறது. அடுத்த வாரம் சரியாகத்தான் போனது. அரிவாள் பெரியவர்தான் முதல் ஆளாக லாரிக்காரனிடம் கறாராகப் பேசினார்.

எங்களுக்குள் ஒரு தீராத சண்டை இருந்தது. ஹூக்கில் மாட்டுகிற வேலைக்குப் பெயர் வைத்தும் எழுதலாம், பெயரே வைக்காமல் அந்த இடத்திலேயே சுருக்கமாகவும் எழுதிவிடலாம். நான் சுருக்கமாக எழுதுகிற கட்சி. அவள் அதைக் கண்டால் பேயாட்டம் ஆடுவாள். பெயர் இல்லாமல் மாட்டியதை இன்னொருவரால் கழற்ற முடியாது என்பது அவள் வாதம். உண்மைதான். கழற்ற வேண்டுமானால், மாட்டியதன் பெயரையும் அதே எண்ணையும் சொல்லித்தான் கழற்ற வேண்டும். நம்ம வேலையை எவன் வந்து கழற்றப் போகிறான் என்று ஒருநாள் கத்திவிட்டேன். "மாட்டறதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்குது? நாளைக்கு நம்மளக் கேக்காமயே ஒருத்தர் கழட்டற மாதிரி மாட்டோணும். அதுதான் வேலை" என்றாள். அதனால்தான் அவள் எழுதியது எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கும், எல்லாமே யாரும் ஊகிக்கக்கூடிய அந்தப் பத்து என்ற எண்ணில் இருக்கும். நான் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வேலைகளுக்கு இந்தக் கெடுபிடி தேவையில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அவள் இருந்தால் இதற்கும் சண்டை போட்டிருப்பாள்.

அவளை அடக்கம் செய்த அந்த வாரத்துக்கு வருகிறேன். போன் வராத அந்தச் சந்தை நாளன்று லாரிகள் வழக்கம்போல் மலையேறின. இறங்கியவர்கள் முதலில் துக்கம் விசாரித்தார்கள். பாவம், நல்ல பொண்ணு என்றார்கள். பிறகு காலையில் சந்தை விழுந்துவிட்டது என்று சொல்லி, வாய்க்கு வந்த விலையில் மிளகை அள்ளிக்கொண்டு போனார்கள். நான் சந்தையில் நின்றவள். சந்தை விழவில்லை. அந்தப் பொண்ணு போனாள், போனும் போச்சு என்று கீழே டீக்கடையில் ஒருவன் சிரித்துச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அறுவடை உச்சத்தில் இருந்தது.

அடுத்த சந்தைக்கு முந்தின நாள் மேலிருந்து ராசு மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். கருமாதி முடியும்வரை போன் போக வேண்டாம், ஊரே அப்படித்தான் முடிவு செய்திருக்கிறது, அது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று. மரியாதையாம். அவள் எதற்காக மலையேறி வந்து உட்கார்ந்தாளோ அதையே நிறுத்தி அவளுக்கு மரியாதை. சந்தை நாள் காலையில் விலைகளைக் குறித்துக்கொண்டேன். காரவள்ளி வீட்டுக்கு வந்து, மலைப்பாதையில் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்காமல் இருக்க எங்கள் சமையலறைக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, அந்த விலைகளை என் குரலில் பேசிப் பதிந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

ரேஷன் கடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஊர்க்கவுண்டர் என்னை உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். கோபமாகவே பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏங்கண்ணு, செத்தவ கொரலு கருமாதிக்கு முன்ன ஊடு ஊடாப் போயிப் பேசலாமா? அவ எப்படிப் போயிச் சேருவா?"

அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கே கிடையாது. குரலைக் கழற்றிவிடுகிறேன், விலையை நிறுத்த மாட்டேன் என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். ஒன்று இல்லை என்றேன். பின்னால் நின்ற ஒருவர், அவள் கட்டியதில் வேறொரு கை பட்டால் மொத்தமும் விழுந்துவிடும் என்று பயந்தார். அவள் எழுதிய ஓர் எழுத்தைக்கூடத் தொட மாட்டேன், எனக்கென்று தனியாக ஒரு சின்ன பிளகின், அதில் அவள் குரலைக் கழற்றுகிற ஒரு வரி, என் குரலை மாட்டுகிற ஒரு வரி, அவ்வளவுதான் என்றேன். இப்படிச் செய்ய அவளே வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

கவுண்டர் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகுதான் உண்மையான முட்டுக்கட்டை வெளியே வந்தது. விலை சொல்கிற அந்த முறை அன்னக்கொடி வீட்டு முறை. அவளுக்குப் பிறகு அவள் வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும். அந்த வீடு இப்போது தீட்டில் இருக்கிறது, யாரும் எடுக்க முடியாது. வேறு ஆள் எடுக்க வழக்கம் இல்லை. நானோ கீழ் ஊர்க்காரி. ஆகவே எடுக்க உரிமையுள்ளவர்கள் எடுக்கக் கூடாது, எடுக்கக்கூடியவளுக்கு உரிமை இல்லை. லாரிகள் காரவள்ளியைத் தாண்டியிருக்கும் நேரம்.

எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்கய்யா, இந்த மொறைய அவளுக்கு யாருங்க குடுத்தா? நோம்பியில எந்தப் பொம்பளைக்காச்சும் மொறை உண்டுங்களா? யாருங் குடுக்கல. அவளா எடுத்துக்கிட்டா. நானும் எடுத்துக்கறேன்."

வாய் அதிகம் போய்விட்டது, பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கவுண்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மலைப்பாதைப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"லாரி வர்ற நேரமாச்சு. செய்யறதச் செய்யி" என்றார்.

ரேஷன் கடைப் படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். கழற்றுகிற வரியில் மாட்டியதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன் இல்லையா? அவள் அந்த வேலைக்கு வைத்திருந்த பெயர் 'அன்னக்கொடி பேசு'. அவளை நிறுத்த, அவள் பெயரை நானே எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டியிருந்தது. அடுத்து பத்து. விரல் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. அழுகை வந்தது, அழுதேன். ஒரு பெண் வந்து என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் குரலை அதே இடத்தில் மாட்டினேன். நானும் பெயர் வைத்துத்தான் மாட்டினேன். வெளியிட்டேன்.

முதலில் கவுண்டரின் சட்டைப்பையில் அடித்தது. அப்புறம் சுற்றி நின்றவர்களிடம், அப்புறம் கடைக்குப் பின்னால் வீடுகளில். அடைத்த சமையலறையில் பேசிய என் கட்டைக் குரல் தேவனூர் நாட்டில் வீடு வீடாக மிளகு விலை சொன்னது. ஓர் இடத்திலும் தப்பவில்லை. அவள் எழுதியதில் ஒன்றும் விழவில்லை. லாரிகள் வந்து நின்றபோது ஜனங்கள் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, காலைச் சந்தை விலையைச் சொல்லிக் கேட்டார்கள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுத்துத்தான் எடுத்தார்கள். டீக்கடையில் சிரித்தவனும் அதில் இருந்தான். அவனைப் பார்த்து நான் சிரித்தேன், நன்றாகப் பல் தெரியச் சிரித்தேன்.

பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். போன் அவர் மடியில் கிடந்தது. வந்த அழைப்பை முழுக்கக் கேட்டிருக்கிறார். மகளின் இடத்தில் இன்னொருத்தி குரல் கேட்டு என்ன சொல்வாரோ என்று தயங்கிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்லாத்தான் பேசற. ஆனா வெரசாப் பேசிப்போட்ட. அவ மொளகு வெலைய ரெண்டு தரம் சொல்லுவா. காது கேக்காதவங்க இருக்கறாங்கல்ல சாமி" என்றார்.

கருமாதி முடிந்துவிட்டது. இனி அவள் குரலே வரட்டும் என்று கவுண்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தனக்குத் தெம்பு வரும்போது சொல்வதாகச் சொன்னார். எனக்கு அவசரமில்லை. நான் அவள் குரலை அழிக்கவில்லை, கழற்றித்தான் வைத்திருக்கிறேன். ஒரு சத்தமும் குறையாமல் அது அப்படியே இருக்கிறது. அம்மா சொல்கிற அன்றைக்கு என் இரண்டு வரிகளை எடுத்தால் போதும், அவள் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அவள் சொல்லிக்கொடுத்த முறையில் நான் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான் அவள் நினைவாக என்னிடம் இருப்பவை. மற்றபடி விலை மலையேறுவது நின்றுவிடும் என்று யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், சந்தை நாளன்று பேளுக்குறிச்சிக்கு வாருங்கள், மிளகுக் கடைகளுக்கு நடுவில்தான் நிற்பேன். மிளகு விலையை இப்போது இரண்டு முறை சொல்கிறேன்.